மலையிறங்கும் மகராசருக்கு

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கிக் காரில் இறங்கும் மகராசரே, உங்கள் சிக்கனத்துக்கு முதல் வணக்கம். குன்னூர் தாண்டியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, "இனிமே பெட்ரோலே வேண்டாம், வண்டி தானா உருளும்" என்று வீட்டம்மாவிடம் சொல்கிறீர்களே, அந்தக் கணக்கு எந்த ஆடிட்டருக்கும் வராது. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். உருளும் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ, எஞ்சின் அணைந்துபோகாமல் இருக்கப் பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். இல்லாத செலவை வரவழைத்து அதற்குச் சிக்கனம் என்று பேர் வைக்க உங்களைப் போல் யாரால் முடியும்!

உங்களிலும் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிடுவார். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை ஓரிரு மிதிக்குள் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் அந்த உடற்பயிற்சியையும் விரும்பி ஏற்கும் வீரர் அவர்.

உங்கள் வலது காலின் உழைப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். அத்தனை இறக்கத்தையும் எஞ்சினிடம் கொடுக்காமல் பிரேக் ஒன்றின் தலையிலேயே கட்டுகிறீர்கள். பர்லியாறு வருவதற்குள் பேட் தீயும் நாற்றம் பின்னால் வருகிறவர்களுக்கும் கிடைத்துவிடுகிறது. எதையும் தனியாக வைத்துக்கொள்ளாத மனம் உங்களுக்கு. பிரேக் ஆயில் நாள்பட நாள்பட ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சாக அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றீர்கள். அசைக்க முடியாத நம்பிக்கை!

உங்கள் அவசரமும் தனி அழகு. வளைவில் முழு அகலமும் பிடித்துத் திணறி ஏறிவரும் அரசு பஸ்ஸின் எதிரே மூக்கை நுழைத்து நிற்கிறீர்கள். ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பதை அந்த டிரைவர் உங்களுக்குச் சொல்வதில்லை; பின்னால் பள்ளம் இருக்க, ரிவர்ஸ் எடுக்கிறார். மூடுபனியில் ஹை பீம் போட்டு, அந்த வெளிச்சம் உங்கள் கண்ணிலேயே திரும்பி அடித்தாலும், எதிரில் வருபவருக்கு அள்ளி வழங்குகிறீர்கள்.

இத்தனை புகழுக்கும் கைம்மாறாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். இறங்கும்போது செகண்ட் கியரில் போடுங்கள், செங்குத்தாக இருந்தால் ஃபர்ஸ்ட். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துக் காலை எடுங்கள். தீய்ந்த நாற்றம் வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பின்சீட்டில் தூங்கும் பிள்ளைகளுக்கும் பெல்ட் மாட்டுங்கள். அவர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டும்.