மிகைத்தங்கல் இலக்கணம்

‘விமானம் தள்ளினும் விசா தள்ளாது’ என்பது முதற் சூத்திரம். விமானக் கம்பெனி நினைத்தால் தேதியை மாற்றும். பாஸ்போர்ட்டில் குத்திய தேதி குத்தியதுதான் என்பது இதன் பொருள்.

விசா முடிந்தும் தங்கியிருப்பவன் மிகைத்தங்கி. அவன் அறியான், அறிந்தான், அகப்பட்டான் என மூவகைப்படுவான்.

அறியான், எண்ணத் தெரியாதவன். இரவு பதினொன்றே முக்காலுக்கு பாங்காக் சுவர்ணபூமியில் முத்திரை வாங்கினாலும் அந்தக் கால் மணி நேரம் முழு நாள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிலும் வந்த நாள், போகும் நாள் இரண்டும் கணக்கு. அதுவும் எந்த 180 நாளை எடுத்தாலும் 90-க்கு மேல் கூடாது. இதை மனக்கணக்காய்ப் போடத் தெரிந்தவன் பஞ்சாங்கமே கணிக்கலாம்.

இவனில் ஓர் உட்பிரிவு உண்டு: நள்ளிரவான். பத்தரை மணிச் சென்னை விமானம் பின்னிரவு ஒன்றரைக்கு மாறுகிறது. விசாவோ இன்றோடு சரி. விமானம் கிளம்பும் நேரம் இங்கே பொருட்டல்ல, இமிக்ரேஷன் கவுன்டரில் முத்திரை விழும் நேரமே பொருட்டு. மூன்று மணி நேரம் முன்பே போய் வரிசையில் நின்றவன் தப்பித்தான். ‘அதான் லேட்டாச்சே’ என்று கடைசியாக ஒருமுறை மசாஜுக்குப் போனவன் மிகைத்தங்கி ஆனான். முத்திரை விழுந்தபின் விமானம் ரத்தானால்? அதன்மேல் இன்னொன்று குத்தி ஊருக்குள் அனுப்புவார்கள். தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களில் இது கெடுதல்.

அறிந்தான் கால்குலேட்டரோடு பயணிப்பவன். தாய்லாந்தில் அபராதம் நாளுக்கு 500 பாட். விசாவை நீட்டிக்கக் கட்டணம் 1,900. ஆகவே மூன்று நாள்வரை அபராதம் லாபம், நான்காம் நாளிலிருந்து விண்ணப்பம் லாபம் என்பது இவன் கண்ட தேற்றம். அபராதத்துக்கு 20,000 பாட் உச்சவரம்பு உண்டென்பதால் 41-ஆம் நாள் முதல் இலவசம் என்று உரை எழுதுவோரும் உளர். அவ்வுரை போலி. 90 நாள் தாண்டினால் தானாக வெளியேறினாலும் ஓராண்டு உள்ளே வர முடியாது. நடுத்தெருவில் பிடிபட்டால், கடந்தது ஒரு நாளே ஆனாலும், ஐந்தாண்டு.

அகப்பட்டான் பாவம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியபோது உருவானவன். தவிர்க்க முடியாத காரணத்தால் சிக்கியவருக்கு விசாவைக் கட்டணமில்லாமல் நீட்டித்துத் தரவேண்டும் என்ற ஷெங்கன் சட்டம் அமலுக்கு வந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2024 ஏப்ரல் 16-இல் துபாய் மழையில் மிதந்தபோதும் விமானம் ரத்தானவர்களுக்கு அபராதம் தள்ளுபடியானது. ஆனால் விமானக் கம்பெனி ‘இயக்கக் காரணங்கள்’ என்று எழுதித் தருவது எரிமலை ஆகாது.

புறனடை: இந்நூலாசிரியனின் விமானத்தை ஒரு கம்பெனி இரண்டு நாள் தள்ளிவைத்தது. தான் மூன்றாம் வகை என்பதற்கு அந்தக் குறுஞ்செய்தி, பழைய டிக்கெட், புது டிக்கெட் என்று சான்றுகளை வரிசையாகக் கவுன்டரில் பரப்பினான். அதிகாரி அம்மையார் அவற்றை ஓரமாகத் தள்ளி, முத்திரைத் தேதியைப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டினார். பிறகு அபராதம் கட்டும் மேஜையைக் காட்டினார்.