ஆளில்லாத கடற்கரை அண்ணர்

எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு ஒரு ‘ஆளில்லாத கடற்கரை அண்ணர்’ இருக்கிறார். கொழும்பிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்து இறங்கிய மறுநாளே, “தம்பி, சனமே போகாத இடமொண்டு எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை” என்பார். அதற்குள் பதின்மூன்று பேருக்குச் சொல்லி முடித்திருப்பார். வான் வாசலில் நிற்கும்.

போன ஆவணியில் எங்கள் அண்ணர் கூட்டிப்போன சனம் போகாத இடம், புறாத்தீவு. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் கடலுக்குள் இருக்கிறது. ரிக்கற் வரிசையில் எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். “இவையள் சும்மா பார்க்க வந்த ஆக்கள்” என்றார் அண்ணர். நாங்கள் எதற்கு வந்தோம் என்று நான் கேட்கவில்லை.

லைஃப் ஜாக்கெட்டின் கொழுக்கி அவருடைய வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. “மூச்சை உள்ளுக்கு இழுங்கோ ஐயா” என்று படகுக்காரப் பெடியன் முழங்காலை ஊன்றி இழுத்துப் பூட்டினான். இழுத்த மூச்சை அண்ணர் தீவு வரைக்கும் விடவேயில்லை. அந்தப் பத்து நிமிசம்தான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த அமைதி.

வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படை சுட்டுப் பழகிய இடம் அது. குண்டுக்குத் தப்பிய மாடப்புறாக்கள் இன்னும் இருக்கின்றன. 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். தீவின் நீளமே ஏறக்குறைய 200 மீற்றர்தான். அதற்குள் தனிமை தேடி அண்ணர் மூன்று தரம் புறப்பட்டார். மூன்று தரமும் எங்கள் சோத்துப் பார்சலடிக்கே வந்து சேர்ந்தார்.

பிறகு தண்ணீரில் இறங்கினார். செட்டை நுனி கறுத்த குட்டிச் சுறா ஒன்று முழங்காலருகே போனது. மனிசரைக் கண்டால் தானே விலகிப்போகிற சாதி அது. அண்ணர் விலகிய வேகத்தில் பவளப்பாறையொன்றில் ஏறி நின்றுவிட்டார். கரையிலிருந்து விசில் கேட்டது. “ஐயா, உயிரில ஏறி நிக்கிறியள், இறங்குங்கோ!” என்று காவலர் கத்தினார். தன் உயிரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அண்ணர் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

இரவு குடும்பக் குழுவில் அவர் படம் வந்தது: “சொர்க்கம்! ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.” கீழே படகுக்காரப் பெடியனின் தொலைபேசி இலக்கம்.

போகிறவர்கள் வெள்ளெனப் போங்கள். பவளத்தில் கால் வைக்காதீர்கள். அண்ணர் பத்து மணிக்கு முன்னால் எழும்பமாட்டார்.