சித்தன்னவாசலுக்குக் கிடைக்காத வசதி

கேள்வி: அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து ‘டிஎல்எல் ஃபைல் காணவில்லை’ என்கிறது கம்ப்யூட்டர். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை இறக்கிப் போடலாமா?
– ஒரு வாசகர், அன்னவாசல்

பதில்: வேண்டவே வேண்டாம்! ஊர் பேர் தெரியாத தளத்து ஃபைலோடு வைரஸும் குடிவந்துவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சித்தன்னவாசலில் 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியத்தில் உதிர்ந்த இடம் உதிர்ந்ததுதான். எடுத்து ஒட்ட மறுபிரதி இல்லை. விண்டோஸ் கொடுத்துவைத்தது. முக்கிய ஃபைல்களுக்கு நல்ல பிரதிகளை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் தானே வைத்திருக்கிறது.

முதலில் போட்டோக்களைப் பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை வலது கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். எஸ்எஃப்சி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஸ்கேன்நவ்வும் சேர்த்து என்டர் தட்டுங்கள். கெட்ட ஃபைலுக்குப் பதில் அந்த ஃபோல்டரின் பிரதியை அது எடுத்துப் போடும். சதவீதம் நடுவழியில் அசையாமல் நிற்கும், பதறி அணைத்துவிடாதீர்கள். ‘சரிசெய்ய முடியவில்லை’ என்று வந்தால் அந்தப் பிரதியே பழுதாகியிருக்கலாம். டிஸ்ம் கட்டளையின் ரெஸ்டோர்ஹெல்த், இணைய இணைப்பு இருந்தால், மைக்ரோசாஃப்டிடமிருந்தே புதிதாக வாங்கிவரும். அதன்பின் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டுங்கள்.

காணாமல்போனது எம்எஸ்விசிபி140 என்றால் இத்தனை பாடு வேண்டாம். அது விசுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பில் வருவது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம்.