புது எஞ்சினும் பழைய எர்த் வயரும்

ஸ்காபரோ, கனடா, தை மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

என் காரின் கதையை வட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அதைத் தொடங்கினால் "கறி அடிப்பிடிக்குது" என்று மாமி போனை வாங்கிக்கொண்டு போய்விடுகிறா. அதனால்தான் கடிதம்.

என் கார் ஒயில் குடித்துக் குடித்தே செத்துப்போனது. உங்கள் கராச்சில் என்றால் எஞ்சினை இறக்கி, ரிங் மாற்றி, திரும்ப ஏற்றிவிடுவீர்கள். இங்கே மணித்தியாலக் கூலி நூறு டொலருக்கு மேல். பிரித்துப் பார்க்கிற கூலியிலேயே காரின் விலை போய்விடும். ஆகவே, விபத்தில் நசுங்கிய இன்னொரு காரின் எஞ்சினை யார்ட்டில் வாங்கி முழுதாகத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். நம்மவர் ஒருவரின் கராச்சில்தான் இந்தச் சடங்கு நடந்தது. "இனிப் பத்து வருசத்துக்குத் தொடத் தேவையில்லை, தம்பி" என்று சாவியைத் தந்தார். வாசலைத் தாண்டுமுன்பே டாஷ்போட்டில் மஞ்சள் லைற் எரிந்தது.

இங்குள்ள கார்களில் ஸ்ரியறிங்குக்குக் கீழே 16 ஊசிப் பிளக் ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் இது கட்டாயம். அதில் ஒரு பெட்டியைச் செருகினால் நோயை எண்ணில் சொல்லும். என் காருக்குச் சொன்னது பி0171. பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். அந்தக் காற்று எந்த ஓட்டையால் உள்ளே வருகிறது என்பதைப் பெட்டி சொல்லாது. அதைத் தேடுவது மெக்கானிக்கின் வேலை. நம்மவரோ முதலில் ஒட்சிசன் சென்சரை மாற்றினார். பிறகு காற்றை அளக்கிற சென்சரை மாற்றினார். பில் நீண்டதே தவிர லைற் அணையவில்லை.

இதற்கிடையில் வெளியே மைனஸ் இருபது. சிக்னலில் நின்றால் ஹீற்றரில் குளிர்காற்று, மிதித்து ஓடினால் சூட்டுக்காற்று. காலையில் ஸ்ரார்ட் எடுத்தால் கிழவன் கட்டிலால் எழும்புகிற முனகல். "இந்த எஞ்சினே சரியில்லை, வேறொன்று பார்ப்பம்" என்றார் நம்மவர். எஞ்சின் மாற்றிய கார், மருமகள் வந்த வீடுதான் மாமா. எது உடைந்தாலும் பழி புதிதாய் வந்தவள் தலையில்.

பக்கத்து வீட்டில் ரினிடாட் நாட்டுக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற மெக்கானிக். அவர் பெட்டியைத் தொடவேயில்லை. "எஞ்சினைக் கழற்றியவன் எதையெல்லாம் கழற்றியிருப்பான்?" என்றுதான் கேட்டார். நீங்களே வந்து நிற்பதுபோல் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, காபரேற்றர் கழுவுகிற ஸ்பிரேயை இன்டேக்கைச் சுற்றி அடித்தார். (சூட்டில் பட்டால் தீப்பிடிக்கிற சாமான். மச்சானைச் செய்ய விடாதையுங்கோ.) ஓரிடத்தில் அடித்ததும் எஞ்சினின் குரல் மாறியது. பின்புறம், கை போகாத இடத்தில், சின்ன றப்பர் குழாய் ஒன்று மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கில் வராத காற்று முழுக்க அதால்தான் வந்திருக்கிறது.

அடுத்தது மீற்றர். ஒரு முனை பற்றறியின் நெகற்றிவில், மற்றது எஞ்சின் இரும்பில். ஸ்ரார்ட் அடிக்கும்போது அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த்தில் பிழை. காட்டியது! எஞ்சின் இருப்பது றப்பர் மவுண்டில் அல்லவா, எர்த் வயர் இல்லாமல் மின்சாரம் எப்படித் திரும்பும்? அந்த வயரைத் துருவின் மேலேயே முறுக்கியிருந்தார்கள். பனிக்கு இங்கே வீதியெல்லாம் உப்புக் கொட்டுவார்கள், கீரிமலைக் கடலுக்குள் கார் ஓட்டினாலும் இவ்வளவு துரு பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம்.

கடைசியாக ஹீற்றர். அதற்குள் காற்று அடைத்திருந்தது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறந்து, காரின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீற்றரை முழுதாகத் திருப்பிவிட்டு ஓடவிட்டோம். காற்று குமிழி குமிழியாய் வந்தது. நின்றதும் கூலன்ற் ஊற்றி நிரப்பினோம். சூடு வந்துவிட்டது.

ஆக, மாற்றிய சென்சர்களும் நல்லவை, கழற்றிய சென்சர்களும் நல்லவை. பழையவற்றைத் தாருங்கள் என்று கராச்சில் கேட்டேன். "எறிஞ்சாச்சே, தம்பி!"

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத் தடைக்காலத்தில், காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் நீங்கள் ஏ40 கார் ஓட்டிய கதையைப் பக்கத்து வீட்டுக் கிழவருக்குச் சொன்னேன். நம்பவில்லை. அந்தக் கார் இன்னும் சுன்னாகத்தில் ஓடுகிறது என்றதும் தொப்பியைக் கழற்றினார்.

இப்போது மிச்சம் ஒரு கீச்சுச் சத்தம், காலையில் மட்டும். பெல்ற்றா பெயரிங்கா என்று எங்கள் இருவருக்கும் சண்டை. சத்தத்தைப் பதிந்து மச்சானின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். மாமியின் கிறைண்டரை நிறுத்திவிட்டு ஒருமுறை கேட்டு, நான் அந்தக் கராச்சுக்குத் திரும்பப் போகுமுன் பதில் போடுங்கோ.

உங்கள் அன்பு மருமகன்