கடகடவியல்: ஒரு முன்னாய்வு

வயதான மாருதி 800 ஒன்று அந்தமானில் உள்ள பத்துபஸ்தியின் குறுகலான சந்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது எழுப்பும் 'கட்கட்' என்னும் ஒலியை அறிவுலகம் இதுநாள்வரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. நேர் சாலையில் வண்டி பரம சாது. வளைவு வந்தால்தான் வாயைத் திறக்கும்.

ஆய்வாளர்களுக்கோ குறைவில்லை. முன்சீட்டு மாமனார் "இன்ஜின்தான் மாப்பிள்ளை, சந்தேகமே வேண்டாம்" என்பார். பின்சீட்டு மைத்துனர் கியர்பாக்ஸின் மேல் பழி போடுவார். தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி நான்கும் புழங்கும் ஊர் என்பதால், தெருமுனையிலேயே நான்கு மொழிகளில் தீர்ப்பு கிடைத்துவிடும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தால் போதும் என்று நம்பும் மரபும் ஒன்று உண்டு. பின்பற்றுவோர் எண்ணிக்கையில் அதுவே முதலிடம்.

முதல் கருதுகோள், டிக்கி. ஜாக்கி, ஸ்பேனர், சாக்கிலிருந்து நழுவிய தேங்காய் ஆகியவை வளைவில் உருண்டு, பல மெக்கானிக்குகளை வழிதவறச் செய்திருக்கின்றன. பிரித்தறிவது எளிது: பிரேக் போட்டாலும் தேங்காய் உருளும். டிக்கியைக் காலி செய்யாமல் தொடங்கும் எந்த ஆய்வையும் இக்கட்டுரை ஏற்காது.

வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொக்' என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கும்போதும் லொடலொடக்கிறதா? பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ்.

சக்கரம் சுழலச் சுழல ஒலித்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால் தாளம் விரைந்தால், குற்றவாளி அநேகமாக டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிமுனையிலுள்ள சி.வி. ஜாயிண்ட், அதாவது சீர்வேக இணைப்பு. இங்கே சற்று வரலாறு தேவைப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக்கின் பெயர் பெற்ற இணைப்பு, கோணத்தில் வளைந்தால் சீரான வேகத்தில் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்ற முன்சக்கரத்துக்கு அது சரிப்படவில்லை. 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா ஆறு எஃகுக் குண்டுகளைப் பள்ளத் தடங்களில் ஓடவிட்டுச் சிக்கலைத் தீர்த்தார். 1959இல் பிரிட்டனின் மினி கார் அவ்வகை ஜாயிண்ட்டைச் சின்னக் கார்களுக்குக் கொண்டுவந்தது. 1983 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமான மாருதி 800உம் முன்சக்கர இழுவைதான். பின்சக்கரத்தால் ஓடிய அம்பாசடருக்கு முன்சக்கரத்தில் இந்த நோய் வர வழியே இல்லை. அதற்கு வேறு நோய்கள் போதுமான அளவு இருந்தன.

குண்டுகள் நேர் ஓட்டத்தில் தடத்தின் நடுப்பகுதியிலேயே அசைகின்றன. ஸ்டீயரிங்கை ஒடித்தால் தடத்தின் ஓரங்கள்வரை ஓடுகின்றன. தடம் தேய்ந்து குழி விழுந்திருந்தால், குழிக்குள் இறங்கி ஏறும் ஒவ்வொரு குண்டும் ஒரு 'கட்'.

குழி தானாக விழுவதில்லை. ஜாயிண்ட்டை மூடிய ரப்பர் பூட் கிழிகிறது, சுழற்சியில் கிரீஸ் வெளியே தெறிக்கிறது, மண்ணும் நீரும் உள்ளே குடியேறுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் பொழியும் தீவில் அந்தக் குடியேற்றத்துக்குத் தடையே இல்லை.

கள ஆய்வு முறை: காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடிக்க வேண்டும். கண்ணாடியை இறக்கி ஒருவர் காது கொடுக்கட்டும். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் வலப்பக்க ஜாயிண்ட். வலப்பக்கம் என்றால் மறுதலை. பிறகு குனிந்து, சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்த்தால் வாதம் முடிந்தது. மாமனாரிடம் இதை மென்மையாகச் சொல்லவும்.

சத்தம் வருமுன் பூட் கிழிசல் கண்ணில் பட்டால், கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்து, பூட்டை மட்டும் மாற்றினால் தப்பிக்கலாம். சத்தம் தொடங்கிவிட்டால் எந்தக் கிரீஸும் உதவாது, ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும். ஷாஃப்ட்டோடு வாங்குவதானால் இடமா வலமா என்று உறுதிசெய்துகொண்டு சென்னைக்குச் சொல்லியனுப்புங்கள். இரண்டும் ஒரே நீளமல்ல. நடுவில் 1300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் இருக்கிறது.