அத்தானின் ஹெரால்டுக்கு ஒரு புகழுரை

அத்தான், உங்களைப் புகழ வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1966ஆம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றை, சென்னை மதராஸாக இருந்தபோது போட்ட அதே பதிவெண்ணோடு, சேலையூரிலிருந்து கிண்டிக்குத் தினமும் ஓட்டிப்போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிற மனிதர் நீங்கள். போக 15 கிலோமீட்டர், வர 15. வருஷத்தில் 300 நாள் என்று வைத்தால் 9,000 கிலோமீட்டர். இந்தக் கணக்கைச் சொல்லும்போது உங்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா வாங்கிய வண்டி. அவர் போன பிறகும் அதை விற்கவில்லை, ஓரமாகப் போட்டுத் துருப்பிடிக்க விடவும் இல்லை. இந்தப் பற்று எல்லோருக்கும் வாய்க்காது.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் பெயரில் 1959இல் வெளிவந்து, இரண்டே வருஷத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி மூலம் நம் ஊருக்கு வந்தது. வண்டலூருக்குப் பக்கத்தில், பெருங்களத்தூரில் செய்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்த கார். 948 சிசி எஞ்சின். முன்பக்கம் முழுக்க, மட்கார்டு, முகவிளக்கு எல்லாமாக ஒரே மூடியாகச் சாய்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைக் கழுவலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் தெருமுனைக் குப்பைத்தொட்டியைச் சுற்றி நீங்கள் ஒரே மூச்சில் திருப்பியதைப் பார்த்துப் பால்காரரே சைக்கிளை நிறுத்தி ரசித்திருக்கிறார்.

1980களின் கடைசியோடு அந்தக் கம்பெனி கார் செய்வதையே விட்டுவிட்டது. ஆகவே உங்கள் வண்டியில் தேய்கிற ஒவ்வொரு உறுப்பும் மறுபடி பிறக்காத உறுப்பு. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகளைத் துடைத்துத் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்களோ குரோம்பேட்டைத் தூசி, பல்லாவரத்து நெரிசல், ஐப்பசி மழையில் சாலையில் தேங்கும் சாக்கடைத் தண்ணீர் என்று ஒன்றையும் உங்கள் வண்டிக்கு மிச்சம் வைக்கவில்லை. ஹெரால்டின் உடம்பு தனி, சேஸி தனி. மேலே எத்தனை மெருகு போட்டாலும் கீழே சேஸியின் கைகளைத் தண்ணீர் தின்றுகொண்டே இருக்கும். மேலே பார்த்தால் ராஜா, குனிந்து பார்த்தால் துரு. குனிந்து பார்க்க உங்களுக்கு நேரம் இல்லை. காலை எட்டரைக்குக் கிளம்பியாக வேண்டுமே.

உங்கள் பொறுமையைப் புகழ எனக்கு வார்த்தை போதாது. போன சித்திரையில் ஒரு நாள் நானும் அக்காவும் வண்டியில் இருந்தோம். பல்லாவரம் தாண்டி நெரிசல். இந்த எஞ்சினில் விசிறி பெல்ட்டில் சுற்றுவது. வண்டி நின்றால் விசிறியும் சோம்பிவிடும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்ப் கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஆவியை அந்தப் பம்பால் இழுக்க முடியாது. இரண்டு முறை இருமிவிட்டு வண்டி நின்றது. பின்னால் மாநகரப் பேருந்தின் ஹாரன். நீங்கள் பதறவில்லை. இறங்கினீர்கள், பானட்டைச் சாய்த்தீர்கள், டிக்கியிலிருந்து ஒரு பழைய பனியன் துணியை எடுத்தீர்கள். "தண்ணி குடு" என்று கையை நீட்டினீர்கள். அக்கா தன் குடிதண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். துணியை நனைத்துப் பம்பின் மேல் சுற்றினீர்கள். ஆவி உஸ்ஸென்று எழுந்தது. பத்து நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு, சுற்றி நின்றவர்களுக்கு ஹெரால்டின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தீர்கள்.

அந்தப் பத்து நிமிஷமும் அக்கா நடுச்சாலையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அன்று அவளுக்கு டாக்டரிடம் நேரம் குறித்திருந்தது. "டேய் தம்பி, அவருக்குக் கோபமே வராதுடா" என்று என்னிடம் சொன்னாள். உண்மைதான். காத்திருந்தவள் அவள். பொறுமைசாலி என்ற பெயர் உங்களுக்கு.

துணிச்சலும் உங்களுக்கு நிறைய. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்க் குழாய் வழி. ஒரு சக்கரத்தின் சிலிண்டரில் கசிந்தால் நான்குக்கும் பிரேக் போய்விடும். பெடல் தரையைத் தொடும். டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் நாலைந்து முறை மிதித்துக் காயவைத்த பிறகுதான் பிடிக்கும். முன்னால் போகிற புதுக் காரில் ஏ.பி.எஸ். இருக்கிறது, அது சட்டென்று நிற்கும். அது நின்ற இடத்தில் உங்களால் நிற்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே தினமும் அதன் பின்னால் போகிறீர்கள். இந்தியாவில் முன்சீட்டுக்கு பெல்ட் வைக்க வேண்டும் என்று விதி வந்ததே 1994இல்தான். உங்கள் வண்டிக்கு அப்போதே 28 வயது. பெல்ட் போட்டால் பழமை கெட்டுவிடும் என்று நீங்கள் போடவில்லை. இரண்டு கதவு வண்டி, பின்சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. அந்தப் பின்சீட்டில்தான் என் மருமகன் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறான். அவனுக்கு ஒன்பது வயது. உங்கள் துணிச்சலில் அவனுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறீர்கள். அவனைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு நீங்கள் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின் செய்யப்பட்ட நாளில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அதன் வால்வுக்கு அந்த ஈயம்தான் காப்பு. 2000ஆம் ஆண்டு முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அன்றைய ரப்பர் குழாயும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வும் இதற்காகச் செய்தவை அல்ல. வண்டி உங்களுக்காக இதையும் விழுங்கிக்கொண்டு ஓடுகிறது. புகையை வடிகட்டும் கருவி எதுவும் இல்லாததால், எரிந்ததும் எரியாததும் சேர்ந்து பின்குழாயில் வரும். சிக்னலில் உங்களுக்குப் பின்னால் இருசக்கர வண்டியில் நிற்கிறவர் அதைச் சுவாசிக்கிறார். ஒரு நாள் நானே அப்படி நின்றேன். கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, எங்கள் குடும்ப வண்டிதான் என்று அடையாளம் கண்டேன். மாதத்தில் ஒரு நாள் அந்தப் புகை வந்தால் அதை வரலாற்றின் வாசனை என்று நானும் சொல்லியிருப்பேன். தினமும் என்றால் பின்னால் நிற்கிறவர் நெஞ்சு என்ன ஆகும்?

வண்டி அடிக்கடி பட்டறையில்தானே கிடக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். உடனே ஔவையைக் கொண்டுவந்தீர்கள். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவல் வீட்டில் பளபளக்கின்றன; அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொன்னதை நினைவூட்டினீர்கள். "அது தொண்டைமானைப் புகழ்ந்த மாதிரி இருக்கும், ஆனால் புகழ் அதியமானுக்கு. பட்டறையில் கிடப்பதுதான்டா வீரம்" என்றீர்கள். தமிழாசிரியனான எனக்கே பாடம். அன்று வாயடைத்துப் போனேன்.

பிறகு யோசித்தேன் அத்தான். அதியமானின் வேல் முறிந்தது எதிரியின்மேல் பட்டு. வேல் அதற்கென்றே அடிக்கப்பட்டது. முறிந்தால் அந்தக் கொல்லனே இன்னொன்று அடித்துத் தருவான். உங்கள் வண்டி தேய்வது எந்தப் போரில்? ஒன்பதரை மணி வருகைப் பதிவுக்காக. கத்திப்பாரா நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் பிளேட் கருகுவதற்காக. இதை மறுபடி அடித்துத் தர எந்தக் கொல்லனும் இல்லை. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, எங்கோ உடைத்த இன்னொரு ஹெரால்டின் உறுப்பை வாங்கி வருகிறீர்கள். உங்கள் வண்டி நாள்தோறும் ஓடுவதற்காக வேறு ஹெரால்டுகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் இன்று நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாதம் நடந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடியில் டிரன்னியன் என்று ஒரு பித்தளை உறுப்பு இருக்கிறது. மரை போட்ட அந்தத் தண்டு அதற்குள் நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது, கியர் ஆயில் விட வேண்டும் என்பது ஹெரால்டைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். எண்ணெய் வற்றினால் ஈரம் இறங்கும், மரை துருப்பிடிக்கும், தண்டு ஒரு நாள் சத்தமில்லாமல் முறியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

அன்று ஆபீஸிலிருந்து வந்து, வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பினீர்கள். நடக்கிற வேகம்கூட இல்லை. டக்கென்று ஒரு சத்தம். இடதுபக்க முன்சக்கரம் முழங்கால் மடங்கின மாடு மாதிரி உள்ளே மடங்கி, மூலை தரையில் இறங்கியது. ஒருவருக்கும் அடியில்லை. மருமகன் பின்சீட்டிலிருந்து "அப்பா, வண்டி உக்காந்துடுச்சு" என்றான். ஜாக்கி போட்டுத் தூக்கி முறிந்த தண்டைக் கையில் எடுத்தேன். முறிந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்புத் துரு. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குப் புதிதாக மின்னிய இரும்பு. அந்த நகக்கண் அளவு இரும்பை நம்பித்தான் அன்று காலையில் மீனம்பாக்கம் மேம்பாலத்தில் அறுபதில் வந்திருக்கிறீர்கள், பிள்ளையோடு.

எண்ணெய் ஏன் விடவில்லை என்று நான் கேட்கவில்லை. நீங்களே சொன்னீர்கள்: "நேரம் எங்கடா இருக்கு, தினம் ஓட்ட வேண்டியிருக்கே." அத்தான், உங்களை இதைவிட யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது. வண்டிமேல் இருக்கும் ஆசையால் தினமும் ஓட்டுகிறீர்கள். தினமும் ஓட்டுவதால் வண்டியைப் பார்க்க நேரமில்லை.

ஓடாத வண்டி செத்துப்போகும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். சும்மா நின்றால் ரப்பர் காயும், பேட்டரி இறங்கும், பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். ஆனால் அதற்கு வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியல் போதும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனிப் பதிவெண். கண்காட்சிக்கு, அணிவகுப்புக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க எடுத்துப் போகலாம். தினசரி வேலைக்கு ஓட்டக்கூடாது. ஆபீசுக்கு எடுத்துப் போக முடியாதே என்றுதான் நீங்கள் அதற்கு மனுப்போடவில்லை. சட்டத்தை மீறவில்லை, உரிய காலத்தில் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கிறீர்கள். நேர்மையானவர் நீங்கள். அந்த விதி வண்டியை உங்களிடமிருந்து பறிப்பதற்கு வந்ததல்ல, வண்டிக்கு ஓய்வு கொடுக்க வந்தது. அதை மட்டும் நேர்மையோடு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பழைய வாகனத்தில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது. உங்கள் ஹெரால்டைவிட 35 வயது மூத்த பாதை. ஏறினால் அரைமணிக்குள் கிண்டி. நனைத்த துணி வேண்டாம், அக்காவின் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்.

முறிந்த தண்டுக்குப் பதில் புதுப்பேட்டையில் ஒன்று கிடைத்துவிட்டது. நாளை மெக்கானிக் பொருத்திவிடுவார் என்றீர்கள். திங்கட்கிழமை வண்டி தயார் என்று சொன்னபோது உங்கள் முகத்தில் பழைய மலர்ச்சி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மருமகனுக்கு வேன் பேசலாமா என்று மட்டும் என்னிடம் தனியாகக் கேட்டாள்.

திங்கட்கிழமை வேண்டாம் அத்தான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருகிறேன். கியர் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் நானே விடுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். பிறகு சாலை வெறிச்சென்று இருக்கும்போது பெருங்களத்தூர் வரை போய், அது பிறந்த மண்ணைக் காட்டிவிட்டு வருவோம். அன்றைக்கு நான் சொல்லும் புகழில் புகழ் மட்டுமே இருக்கும்.