பஸ் வேண்டும், ஸ்டாப் வேண்டாம்

சென்னையின் தென்கோடியில், பெயரில் மட்டும் ‘நகர்’ வைத்திருக்கும் எங்கள் பகுதிக்குப் பஸ் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பால் பூத்தில் ஸ்வீட் கொடுக்காத குறை. “ஸ்டாப் எங்கே வருது?” என்று யாரோ கேட்டார்கள். அத்தோடு எல்லோர் முகமும் மாறிவிட்டது.

ஸ்டாப் வந்தால் நிழற்குடை வரும். நிழற்குடை வந்தால் பூக்கடை வரும், பின்னாலேயே டீக்கடை வரும். டீக்கடை வந்தால் நாலு பேர் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள், வீட்டுக்கு வாடகை இறங்கும். பத்தாம் நம்பர் வீட்டு மாமா ஒரே மூச்சில் சொன்ன பொருளாதாரம் இது. ஆகவே ஒவ்வொரு தெருவும் பஸ்ஸைத் தனக்கும் ஸ்டாப்பைப் பக்கத்துத் தெருவுக்கும் கேட்டது.

பகுதி சபையில் பேசி முடிவெடுக்கலாம் என்றார்கள். நகரங்களில் வார்டு கமிட்டி வைத்து மக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் சொன்னது 1992-இல். தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பகுதி சபைகள் கூடியது 2022 நவம்பர் 1 அன்று. நடுவில் முப்பது வருடம். பஸ்ஸுக்கு நின்று பழகியவர்களுக்கு இதெல்லாம் ஒரு காத்திருப்பா?

எங்கள் கூட்டம் ஒரு வேலை நாளில், காலை 11 மணிக்கு நடந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் அந்நேரம் மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து, வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். வந்தவர்கள் காரும் ஸ்கூட்டரும் உள்ளவர்கள். அவற்றை வாசலில் அவரவர் இஷ்டத்துக்கு நிறுத்தியிருந்ததால் கவுன்சிலரின் வண்டி உள்ளே வர முடியவில்லை. அவர் தெருமுனையில் இறங்கி நடந்து வந்தார். அதிகாரம் உள்ள ஒருவர் எங்கள் பிளாட்பாரத்தில் கால் வைத்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். வழியில் ஒரு கல் ஆடியிருக்க வேண்டும். வேட்டி ஓரமெல்லாம் சேறு.

“ஸ்டாப் நல்ல விஷயம்தான் சார். ஆனா என் வீடு தெற்குப் பார்த்தது” என்று ஆரம்பித்தார் ஒருவர். வாசலுக்கு நேரே பஸ் வந்து நின்றால் அது தெருக்குத்துக் கணக்கில் சேருமா என்று ஜோசியரைக் கேட்டிருக்கிறாராம். பதில் வரும்வரை தீர்மானத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார். மாநகராட்சியின் உதவிப் பொறியாளர், அதாவது ஏ.இ., அதையும் குறித்துக்கொண்டார். அந்த மனிதர் எதையுமே குறித்துக்கொள்வார்.

அடுத்து எழுந்தவர் ரிட்டயர்டு இன்ஜினியர். “இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ன சொல்றான்னா…” என்று தொடங்கியதுமே பின்வரிசையில் ஒருவர், “இங்க கட்சி பேசக்கூடாது” என்று எகிறினார். அது கட்சி இல்லை, ரோட்டுக்கு அளவு சொல்லும் அமைப்பு என்று புரியவைப்பதற்குள் டீ வந்துவிட்டது. டீயோடு அவர் சொன்னது: நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்திருக்கிறது. ஸ்டாப்பைவிட அதற்கு நடந்துபோகும் பாதைதான் முக்கியம். அன்று பேசியவற்றில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் காலை அவர் டேப்போடு அளக்கக் கிளம்பினார். நுனியைப் பிடிக்க நான். 1.8 மீட்டரில் மின்வாரியப் பெட்டி தன் பங்கை எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் துளசித் தொட்டி, கவர் போட்ட கார், அந்தக் காருக்கு அடியில் ஒரு நாய்க்குடும்பம். ஓரிடத்தில் டேப் 40 சென்டிமீட்டர் காட்டியது; அங்கேயும் ஒருவர் கோலமாவு டப்பா வைத்திருந்தார். அப்படியே வந்து இன்ஜினியர் வீட்டு வாசலில் நின்றோம். பிளாட்பாரத்தை முழுசாக மூடிக்கொண்டு ரோடு வரை இறங்கியிருந்தது அவர் வீட்டுச் சாய்தளம்.

“இது ஆக்கிரமிப்பு இல்லை. தற்காப்பு” என்றார்.

நியாயம் இல்லாமல் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு முன் தார் மேல் தாராகப் போட்ட ஒவ்வொரு ரோடும் எங்கள் வாசற்படியில் ஒன்றை விழுங்கியது. அவர் வீட்டுக்குள் ஒருகாலத்தில் படி ஏறிப் போவோம். இப்போது இறங்கிப் போகிறோம். மழைத் தண்ணீரும் அப்படியே போகிறது.

நடுவில், சென்னையின் மூன்றாவது மாஸ்டர் பிளானுக்கும் யோசனை சொல்லலாம் என்று ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். 2026 முதல் 2046 வரைக்குமான திட்டம். “2046-ல நம்ம ஊர் எப்படி இருக்கணும் பாட்டி?” என்று கேட்டான். “நான் இருக்கமாட்டேன்ப்பா. செவ்வாக்கிழமை தண்ணி லாரி வருமா, அதச் சொல்லு” என்றார் பாட்டி. பையன் திரையில் தேடிப் பார்த்தான். அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு இட்லிக்கடை அக்கா கடையைச் சாத்திவிட்டு வந்தார். “லேடீஸுக்கு ஃப்ரீ பஸ் விட்டு எத்தனையோ வருஷமாச்சு. ஏற எடமில்லாம நிக்கிறோம். இங்க பேசுறவங்கள்ல யாரு பஸ்ல போறீங்க, கையத் தூக்குங்க பாப்போம்” என்றார். யாரும் தூக்கவில்லை. பத்தாம் நம்பர் மாமா மட்டும் தூக்கினார். அவருக்கு டீ வரவில்லையாம்.

கடைசியில் ஆட்சேபணையே வராத இடம் ஒன்றை ஏ.இ. கண்டுபிடித்தார். மயானத்துச் சுற்றுச்சுவர் ஓரம். பிளாட்பாரம் அகலம், கார் நிறுத்துவார் இல்லை, வாஸ்து பார்ப்பவர்கள் பார்த்து முடித்துவிட்டவர்கள். முக்கியமாக, அங்கே குடியிருப்போர் நலச்சங்கம் கிடையாது. ஏகமனதாக நிறைவேறியது.

பஸ் வந்துவிட்டது. அக்காவும் இன்னும் பலரும் தினமும் ஏறுகிறார்கள். “சுடுகாடெல்லாம் எறங்கு” என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்டு, அந்தப் பக்கம் காரில் போன நம் ஆட்கள் கொதித்துவிட்டார்கள். ஸ்டாப்புக்குப் பகுதியின் பெயரை வைக்க வேண்டும் என்று மனு தயாராகிறது. வாசகத்தைச் சரிபார்ப்பது இன்ஜினியர். கூட்டம் புதன்கிழமை, காலை 11 மணிக்கு.